வாய் ஓர் அமானிதம்

பள்ளிவாசல் இமாம்களிடமும் மத்ரஸா ஆசிரியர்களிடமும் மக்கள் அடிக்கடி கேட்கும் மஸ்அலாக்களில் ஒன்று உண்டு. உளூச் செய்யும்போது வாய் கொப்பளித்தால் எச்சிலோடு இரத்தம் வருகிறது. உளூ நிற்குமா, முறியுமா?

இதற்கு விடை சொல்வது எளிது. ஹனஃபி மத்ஹபின்படி இரத்தம் எச்சிலை மிகைத்திருந்தாலும், இரண்டும் சமமாக இருந்தாலும் உளூ முறிந்துவிடும். எச்சில் மிகைத்து நிறம் இலேசாக மஞ்சளித்திருந்தால் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபின்படி பல் ஈறில் கசியும் இரத்தத்தால் உளூ முறிவதில்லை. ஆனால் இரத்தம் நஜீஸ் ஆகையால் வாயைக் கழுவித் தூய்மையாக்கிய பின்னரே தொழ வேண்டும், அதை விழுங்கவும் கூடாது. இந்த விடையைப் பெற்றுக்கொண்டு கேட்டவர் மனநிறைவுடன் போய்விடுகிறார். மறுநாள் காலையிலும் அவர் எச்சிலில் இரத்தம் வருகிறது. அடுத்த ஆண்டும் வருகிறது.

கேட்கப்படாமல் போன இன்னொரு கேள்வியும் இங்கே இருக்கிறது. நலமாக உள்ள ஈறு இரத்தம் கசியாது. அப்படியானால் இது ஏன் கசிகிறது? கசியும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தவர் யார்? இரத்தத்தின் சட்டத்தை அறிந்துகொள்வதில் இவ்வளவு பேணுதல் காட்டும் நாம், இரத்தத்தின் காரணத்தை அறிந்துகொள்வதில் ஏன் பேணுதல் காட்டுவதில்லை? பல் துலக்குவது உடல்நலம் பற்றிய செய்தி, அது மருத்துவரின் வேலை என்று ஒதுக்கிவிடலாமா? அல்லது அதில் மார்க்கத்திற்கும் மனச்சாட்சிக்கும் பங்கு உண்டா? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

வாய் யாருக்குச் சொந்தம்?

'என் பல், என் வாய். நான் துலக்கினால் என்ன, துலக்காவிட்டால் மற்றவருக்கு என்ன?' என்று ஒருவர் கேட்கலாம். வாதம் வலுவானதுபோல் தோன்றும். ஆனால் இதன் அடிப்படையே பிழையானது. நம் உடலை நாம் சம்பாதிக்கவில்லை. விலைகொடுத்து வாங்கவும் இல்லை. பிறக்கும்போது ஒரு பல்லும் வெளியே தெரியாமல் பிறந்தோம். ஆறாவது மாதத்தை ஒட்டி முதல் பல் அரும்பியது. பால் பற்கள் இருபது, பின்னர் நிலைப் பற்கள் முப்பத்திரண்டு. வெட்டுவதற்கு முன்பற்கள், கிழிப்பதற்குக் கோரைப் பற்கள், அரைப்பதற்குக் கடைவாய்ப் பற்கள் என்று வேலைக்குத் தக்க வடிவம் கொடுத்து, உரிய வயதில் உரிய இடத்தில் முளைக்கச் செய்தவன் வல்ல அல்லாஹ். நாம் அதற்காக ஒரு நாளும் உழைத்ததில்லை. உழைக்காமல் கைக்கு வந்த பொருளுக்கு ஒருவன் உரிமையாளன் ஆவதில்லை. அதைப் பாதுகாக்கும் பொறுப்பாளி ஆகிறான். இதைத்தான் அமானிதம் என்கிறோம்.

இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்று உடலை வருத்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை அழைத்து, உம் உடலுக்கும் உம்மீது உரிமை இருக்கிறது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இது புகாரீயில் வரும் செய்தி. வணக்கத்திற்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்க அனுமதி இல்லையென்றால், சோம்பலுக்காக அதைப் பறிக்க யார் அனுமதி கொடுத்தது?

கடமையின் வாசற்படியில்

மிஸ்வாக் பற்றிய நபிமொழிகளில் மிகவும் அறியப்பட்டது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. தம் உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். வேறோர் அறிவிப்பில் ஒவ்வோர் உளூவின்போதும் என்று வந்துள்ளது.

இந்தச் சொல்லைப் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் உட்பொருளில் நின்று யோசிப்பதில்லை. மிஸ்வாக் கடமையாகாமல் நின்றது அது முக்கியமற்றது என்பதனால் அன்று. கடமையாக்கத் தகுதியானது என்பதை அந்த வாக்கியமே காட்டுகிறது. கடமையாகாமல் தடுத்தது ஒன்றே ஒன்று: நம்மீது அண்ணலார் கொண்ட இரக்கம். நாளைக்கு ஐந்து முறை இதைச் செய்யாவிட்டால் பாவம் என்று ஆகிவிட்டால் பலவீனர்கள் சிரமப்படுவார்களே என்று அந்த உள்ளம் எண்ணியது.

இங்கேதான் ஓர் ஒழுக்கக் கேள்வி எழுகிறது. ஒருவர் நம்மீது இரங்கி ஒரு பாரத்தை இறக்கி வைத்தால் நாம் என்ன செய்ய வேண்டும்? 'கட்டாயம் இல்லையாம்' என்று அதை மறந்துவிடலாமா? நல்ல மகன், தகப்பனார் வற்புறுத்தாத காரியத்தில்தான் தன் அன்பைக் காட்டுவான். கட்டளையிட்டதைச் செய்வதில் பயமும் கலந்திருக்கலாம். கட்டளையிட விரும்பியும் இரக்கத்தால் விட்டுவிட்டதைச் செய்வதில் அன்பைத் தவிர வேறொன்றும் கலந்திருக்க வழியில்லை. சுன்னத்தை 'விட்டால் பாவமில்லாதது' என்று மட்டும் படித்து வைத்திருப்பவர்கள் அதில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

பெருமானாரின் வாழ்வைப் பாருங்கள். இரவில் எழுந்ததும் வாயை மிஸ்வாக்கால் தேய்த்துத் தூய்மை செய்வார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வீட்டிற்குள் நுழைந்ததும் முதலில் செய்வது மிஸ்வாக் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தூங்கி எழுந்தபோது, தொழுகைக்கு நின்றபோது, வீடு திரும்பியபோது என்று நாள் முழுவதும் அது பரவிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் மட்டும் உரிய அலங்காரமாக அது இருக்கவில்லை.

கரும்புள்ளியின் கதை

வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொடர்ச்சி ஏன் தேவை என்பது விளங்கும். நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பல்லின்மேல் அவை மெல்லிய, வழவழப்பான படலமாகப் படிகின்றன. காலையில் எழுந்ததும் நாவால் தடவினால் பல்மேல் ஒருவித வழுக்கல் தெரிகிறதே, அதுதான் இது. நாம் இனிப்போ மாவுப்பண்டமோ உண்ணும்போது இந்த நுண்ணுயிர்களும் அதையே உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல்தான். ஆயினும் அதில் உயிரணுக்கள் இல்லாததால், குழி விழுந்துவிட்டால் அது மீண்டும் வளர்ந்து அடைபடாது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். சொத்தையான பல் தானாக ஆறுவதில்லை.

இதற்கு எதிராக அல்லாஹ் எச்சிலை வைத்திருக்கிறான். அது அமிலத்தைத் தணிக்கிறது. கரைந்துபோன தாதுப்பொருளைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் உறக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே இரவில் துலக்காமல் படுப்பவர் காவல்காரன் உறங்கும் நேரம் பார்த்துக் கதவையும் திறந்து வைத்தவர் ஆகிறார். நம்மில் பெரும்பாலோர் காலையில் மட்டும் துலக்குகிறோம். பல்லுக்கு அதிகத் தேவை இரவில்தான் என்பதை அறிந்தவர் குறைவு.

படலத்தைத் துடைத்தெடுக்காமல் விட்டால் சில நாட்களிலேயே அது இறுகிப் பற்காரையாகிறது. பிறகு பிரஷ்ஷுக்கோ குச்சிக்கோ அது மசியாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஈறு வீங்கி இரத்தம் கசிவது இந்தக் கட்டத்தின் அறிகுறி. இப்போதும் தப்பில்லை, சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதையும் அலட்சியம் செய்தால் நோய் உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கிறது. அந்த இழப்பு திரும்புவதில்லை. பல் ஆட்டம் கண்டு, ஒருநாள் கையோடு வந்துவிடுகிறது. 'காரையை எடுத்தால் பல் ஆடும்' என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பல்லை ஆட வைத்தது காரை எடுத்த மருத்துவர் அல்லர். எலும்பு முன்னரே அரிக்கப்பட்டிருந்ததைக் காரை மூடி மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

மனிதன் ஒரு பாவம் செய்தால் அவன் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது; வருந்தி விலகினால் அது துடைக்கப்படுகிறது; மீண்டும் மீண்டும் செய்தால் புள்ளி பெருகி உள்ளம் முழுவதையும் மூடிவிடுகிறது என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழி திர்மிதீயில் இருக்கிறது. கண்ணாடி முன் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லின் கரும்புள்ளியைப் பார்க்கும் முஃமினுக்கு இந்த நபிமொழி நினைவு வராமல் போகுமா? இரண்டும் ஒரே விதமாகவே நடக்கின்றன. முதல் நாள் வலிப்பதில்லை. முதல் மாதம் தெரிவதில்லை. ஒரு நாள் விட்டதால் என்ன என்ற எண்ணம் மறுநாளும் வருகிறது. வலி வரும்போது புள்ளி குழியாகி, குழி நரம்பைத் தொட்டிருக்கும். அலட்சியத்திற்கு உடனே தண்டனை கிடைக்காததையே மன்னிப்பு என்று நினைத்துக்கொள்வதுதான் மனிதனின் பழைய பலவீனம்.

வாயோடு நிற்பதில்லை

பல்நோய் பல்லோடு போய்விடும் என்று எண்ணுவது தவறு. ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு எளிதில் கெடுகிறது, ஈறு கெட்டவருக்கு இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. இதய வால்வு பழுதுபட்டவர்களுக்கு வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடும். நடு வயதில் கடைவாய்ப் பற்களை இழந்தவர் கீரை, காய்கறி, கொட்டை வகைகளை ஒதுக்கிக் கஞ்சிக்கும் பிஸ்கட்டுக்கும் இறங்குகிறார். உடலின் வலு அங்கே குறையத் தொடங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியவை என்பதும் அந்நிறுவனத்தின் கருத்து.

பல்லைப் பேசும்போது வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் பேசாமல் போக முடியாது. கல்யாண வீட்டிலும் கத்தம் ஓதும் வீட்டிலும் தாம்பாளத்தில் வைத்து மரியாதையாக நீட்டுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத வெற்றிலை பாக்கும், ஏன், பாக்கு மட்டுமேகூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2004-இல் வகைப்படுத்தியது. குர்ஆன் ஓதும் நாவை, ஸலவாத்துச் சொல்லும் உதட்டை நாமே புண்ணாக்கிக்கொள்வது எந்த வகையில் சேரும்? உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள இறைக்கட்டளையை யுத்தகளத்திற்கும் ஆழ்கிணற்றிற்கும் மட்டும் உரியதாக்கிவிட்டோமா?

அடுத்தவரின் உரிமை

நம் வாயில் பிறருக்கும் உரிமை உண்டு. பூண்டோ வெங்காயமோ உண்டவர் நம் பள்ளிவாசலை விட்டு விலகியிருக்கட்டும் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் உண்டு. பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவு. ஜமாஅத்துத் தொழுகையோ பெரும் சிறப்புடையது. ஹலாலான உணவின் நாற்றமே பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை என்பதற்காக இவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறதென்றால், பல நாள் துலக்காத வாயோடும் பீடி நாற்றத்தோடும் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவரைப் பற்றி என்ன சொல்வது? அவர் பக்கத்தில் நிற்பவரின் மன ஓர்மையைப் பறிக்கிறார். பறித்தது பணமாக இல்லை என்பதால் அது பிறர் உரிமை இல்லை என்று ஆகிவிடுமா?

மனைவிக்கும் இதில் உரிமை உண்டு. மனைவி தமக்காகத் தம்மை அழகுபடுத்திக்கொள்வதை விரும்புவதுபோல, தாமும் மனைவிக்காகத் தம்மை அழகுபடுத்திக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாக வந்துள்ளது. வீட்டிற்குள் நுழைந்ததும் அண்ணலார் முதலில் மிஸ்வாக் செய்தார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் படித்தால், வெளியாருக்குப் பல் துலக்கிப் புன்னகைத்துவிட்டு வீட்டாருக்கு வாடையை மிச்சம் வைக்கும் நம் பழக்கம் எவ்வளவு தலைகீழானது என்பது தெரியும்.

பிள்ளைகளின் உரிமை இதைவிடப் பெரிது. ஏறத்தாழ ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால், இதுவும் பால் பல்தான், விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய அந்தப் பல், பத்து வயதிற்குள் மிட்டாயாலும் பிஸ்கட்டாலும் சொத்தையாகி விடுகிறது. பிள்ளைகளை ஏழு வயதில் தொழுகைக்கு ஏவுமாறு மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தொழுகை கற்றுத் தரும்போது உளூவும் கற்றுத் தருகிறோம். உளூவோடு பல் துலக்குவதையும் கையைப் பிடித்துக் கற்றுத் தந்தால், புதிதாக முளைத்த அந்தப் பல் சரியான நேரத்தில் காப்பாற்றப்படும். பிள்ளைகளை விடுதியில் வைத்து ஓதிக்கொடுக்கும் மத்ரஸாக்களின் பொறுப்பாளர்களுக்கும் இதைப் பணிவோடு நினைவூட்டுகிறோம். இரவு இஷாவுக்குப் பின், படுக்கப் போகுமுன் பிள்ளைகள் வரிசையாக நின்று துலக்கும் பழக்கம் ஒரு மத்ரஸாவில் ஏற்பட்டுவிட்டால், அங்கிருந்து ஆலிமாக வெளிவருபவர் அதைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோவார்.

குச்சியா, பிரஷ்ஷா?

மிஸ்வாக் குச்சியால் துலக்கினால்தான் சுன்னத்தா, பிரஷ்ஷால் துலக்கினால் ஆகாதா என்று சிலர் தர்க்கம் செய்கிறார்கள். அராக் மரக் குச்சி சிறந்தது என்பதில் ஐயமில்லை. தமிழில் அதை உகா மரம் என்பார்கள். அண்ணலாரின் வழக்கம் என்ற பற்றோடு அதைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பற்றுக்குரிய நன்மை உண்டு. அதே சமயம், பல்லின் அழுக்கையும் வாடையையும் போக்கும் சொரசொரப்பான எந்தப் பொருளாலும் மிஸ்வாக்கின் சுன்னத்து நிறைவேறும் என்று ஷாஃபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். குச்சி கிடைக்காதபோது விரலும் அதன் இடத்தில் நிற்கும் என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. மிஸ்வாக் வாயைத் தூய்மையாக்குவது, இறைவனைத் திருப்திப்படுத்துவது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியில் தூய்மையும் திருப்தியும் சேர்ந்தே வந்துள்ளன. தூய்மையை விட்டுவிட்டுத் திருப்தியை மட்டும் தேடுவது எப்படிப் பொருந்தும்?

சட்டைப்பையில் மிஸ்வாக்கை அடையாளமாகச் செருகிக்கொண்டு, தக்பீருக்கு முன் முன்பற்களை மட்டும் இரண்டு தடவை தேய்த்துவிட்டு, கடைவாயில் நேற்றைய இறைச்சித் துணுக்கைச் சுமந்து நிற்பவர் சுன்னத்தின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார். அதுபோலவே, விலையுயர்ந்த பிரஷ்ஷும் பசையும் வைத்துக்கொண்டு மிஸ்வாக் பிடிப்பவரைப் பழமைவாதி என்று நகைப்பவரும் அறியாமையில் இருக்கிறார். குச்சியால் பல் துலக்கும் வழக்கமுள்ள மக்களிடையே அதை ஊக்குவிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 1980-களில் பரிந்துரைத்திருக்கிறது. உளூவுக்கும் தொழுகைக்கும் மிஸ்வாக், காலையும் இரவும் ஃபுளோரைடு கலந்த பசையோடு மென்மையான பிரஷ் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்வோருக்கு இரண்டின் பலனும் கிடைக்கும். செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல் போன்றவற்றை அழுத்தித் தேய்ப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அவை அழுக்கோடு எனாமலையும் தேய்த்துவிடும்.

நோன்பு மாதத்தில்

ரமளான் வந்தால் இன்னொரு குழப்பம். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிட நறுமணமானது என்ற கருத்துள்ள நபிமொழியைக் கேட்டுவிட்டு, மாதம் முழுவதும் துலக்காமல் இருப்பதே சிறப்பு என்று சிலர் எண்ணிவிட்டார்கள். நோன்பாளி சூரியன் உச்சி சாய்ந்த பிறகு மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான சொல். ஆயினும் அதே மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'அல்மஜ்மூஃ' நூலில் மக்ரூஹ் இல்லை என்ற கருத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் நோன்பாளி எந்த நேரமும் மிஸ்வாக் செய்யலாம். அண்ணலார் நோன்பு வைத்த நிலையில் எண்ண முடியாத அளவு மிஸ்வாக் செய்ததைக் கண்டதாக ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) அவர்கள் அறிவித்ததும் திர்மிதீயில் இருக்கிறது. அந்த நபிமொழி சிறப்பித்த வாடை காலியான வயிற்றிலிருந்து எழுவது. பல்லிடுக்கில் அழுகும் உணவிலிருந்து எழுவது அன்று என்று அறிஞர் பலர் விளக்கியுள்ளனர்.

எந்தச் சொல்லைப் பின்பற்றினாலும் துலக்குவதற்கு நேரம் குறையவில்லை. பேரீச்சம்பழமும் கஞ்சியும் வடையும் சர்பத்தும் இப்தாரில் சேர்ந்துவிடுகின்றன. தராவீஹுக்குப் பின் படுக்குமுன் நன்றாகத் துலக்குங்கள். ஸஹரில் உண்டபின் பஜ்ருக்குமுன் மறுபடி துலக்குங்கள். ஸஹர் உணவோடு அப்படியே படுத்துவிடுவதுதான் ரமளானில் பல்லுக்கு நாம் இழைக்கும் பெரும் கேடு. பகலில் பசை உபயோகிப்பதைத் தவிர்ப்பது பேணுதலானது, தொண்டைக்குள் போய்விடும் அச்சம் இருப்பதால்.

இரண்டு ஆட்சேபங்கள்

'எல்லாம் தக்தீர், போக வேண்டிய பல் போகும்' என்பார் ஒருவர். தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள், அல்லாஹ் மருந்தில்லாமல் நோயை இறக்கவில்லை என்ற கருத்தைக் கற்றுத் தந்ததும் அதே தக்தீரைக் கற்றுத் தந்த நபிதான். கடையைப் பூட்டாமல் வீட்டிற்குப் போய், திருடன் வருவது தக்தீர் என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. பல்லுக்கு மட்டும் ஏன் இந்தத் தத்துவம்?

'உடலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது துன்யாவின் மோகம் அல்லவா?' என்பார் மற்றொருவர். பல்லை வெளுக்க வைத்துக் கண்ணாடி முன் நின்று பெருமைப்படுவது மோகமாக இருக்கலாம். நாம் பேசுவது அதைப் பற்றி அன்று. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதரில் பலர் இழப்புக்குள்ளாகிவிடும் இரண்டு நிஃமத்துகள் என்ற நபிமொழியை அறிந்தவர், ஆரோக்கியத்தைப் பேணுவதைத் துன்யாவின் கணக்கில் மட்டும் எழுத மாட்டார். பல்வலியோடு தஹஜ்ஜுத் தொழ முயன்றவரைக் கேட்டுப் பாருங்கள், வாயின் நலம் இபாதத்துக்கு எவ்வளவு தேவை என்று சொல்வார்.

கடைசி மிஸ்வாக்

பெருமானாரின் இறுதி நேரம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மார்பில் சாய்ந்திருக்கிறார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வருகிறார்கள். அண்ணலாரின் பார்வை அதன்மீது பதிகிறது. விரும்புகிறார்கள் என்பதை உணர்ந்துகொண்ட அன்னை அதை வாங்கி, தம் பற்களால் மென்று மென்மையாக்கிக் கொடுக்கிறார்கள். அதுவரை கண்டிராத அழகோடு அண்ணலார் துலக்கினார்கள். சற்று நேரத்தில் அந்தப் புனித ஆன்மா பிரிந்தது. புகாரீயில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். இறைவனைச் சந்திக்கப் போகும் வாய் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்று. படுக்கையில் கிடப்பவரின் வாயைத் தூய்மைப்படுத்த உதவுவது எவ்வளவு உயர்ந்த பணிவிடை என்பது மற்றொன்று. நம் வீடுகளில் முடமாகிப் படுத்துவிட்ட தாய் தகப்பன்மாருக்குச் சோறு ஊட்டுகிறோம், உடல் துடைக்கிறோம், உடை மாற்றுகிறோம். அவர்கள் வாயைத் திறந்து ஈறையும் நாவையும் மெல்லிய ஈரத்துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ யார் துடைத்துவிடுகிறோம்? படுக்கையில் கிடப்பவரின் வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் காய்ச்சலை உண்டாக்குவது முதியோரின் மரணத்துக்கு ஒரு காரணமாக அமைகிறது. அன்னை அவர்கள் குச்சியை மென்று கொடுத்த அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு, இன்றிரவு நம் பெற்றோரின் வாயைத் துடைத்துவிடலாம். கழற்றும் பல்செட் அணிந்தவராயின் அதை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை, ஐந்து நிமிடமும் அன்பும் போதும்.

குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. பல் துலக்குவதைப்போல் இதற்குப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஒரே நாளில் ஒரு மணி நேரம் துலக்கியவருக்குப் பல் நிலைக்காது. காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் என்று நாற்பது வருடம் துலக்கியவருக்கு நிலைக்கும். ஈறில் இரத்தம் கண்டால் உளூவின் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்படியே பல் மருத்துவரிடமும் போய் வாருங்கள். முதலாவது தொழுகைக்கு நாம் செய்யும் பேணுதல், இரண்டாவது அமானிதத்திற்கு நாம் செய்யும் பேணுதல்.

வல்ல நாயன் நம் வாய்களைத் தன் திக்ரால் மணக்கச் செய்வானாக! அவன் தந்த அமானிதங்களைப் பேணிப் பாதுகாத்து, தூய்மையான நாவோடு கலிமாச் சொல்லி அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.